பக்கத்து மனை

சாம்பார் வாளியோட அந்தப் பொம்பள எதுக்கு என் இலை முன்னாடி அவ்வளவு நேரம் நின்னான்னு கேக்கறே. கேளு, தப்பில்ல. நீ எதிர்ப் பந்தியில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்ததை நானும் கவனிச்சேன். சொல்றேன். செங்குன்றம் தாண்டறதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லி முடிச்சுடலாம், ஞாயித்துக்கிழமை டிராபிக் அப்படி. உன் வீட்டுக்காரரும் குழந்தையும் தூங்கறாங்களா? தூங்கட்டும், மனை வாங்கின களைப்பு. மேனேஜர் முன்னாடி டிரைவர் பக்கத்துல இருக்கார், இவ்வளவு தூரம் கேக்காது. இருந்தாலும் மெதுவாவே பேசறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மொகத்தைச் சுளிக்காத. நான் மனை வாங்க வர்றவ இல்ல. எங்க வீட்டுக்காரர் வாட்ச்மேனா இருந்தார், முழங்கால் போனதுலேருந்து அதுவும் இல்ல. நான் மாத்திரை கம்பெனியில அட்டைப்பெட்டி மடிச்சு மடிச்சு விரலெல்லாம் இப்படி ஆயிடுச்சு, பாரு. ஓட்டேரியில ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி. நான் எங்க மனை வாங்கறது? நான் வர்றது இந்த வேனுக்காக. கொஞ்சம் காத்து வாங்க, நாலு மொகத்தைப் பாக்க, உக்காந்த இடத்துல ஒருத்தர் வந்து இலையில போடறதைச் சாப்பிட. வாரம் பூரா நாம போட்டுத்தானே மத்தவங்க சாப்பிடறாங்க.

சிரிக்கறே. சிரி. இதுல திருட்டு ஒண்ணும் இல்ல. மனை விக்கறவங்கதான் பேப்பருக்குள்ள நோட்டீஸ் வெச்சு அனுப்பறாங்க. இலவச வாகன வசதி, காலை டிபன், மதிய உணவு, குடும்பத்தோட வாங்கன்னு. வந்தவங்க எல்லாரும் வாங்கியே ஆகணும்னு அதுல போடலையே.

இதை ஆரம்பிச்சது நானும் அவளும். அவதான், அந்த சாம்பார் வாளி. பேரு குணசுந்தரி. எனக்கு குணா. எங்களுக்குப் பக்கத்துக் கதவு. பால்வாடியில ஆயாவா இருந்தா. புருஷன் செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. மகன், மருமக, ரெண்டு பேரப்பிள்ளைங்க, எல்லாரும் ஒரே ரூம்ல. ராத்திரி டி.வி.யை நிறுத்தினதும் இவ பாயைச் சுருட்டிக்கிட்டு வராந்தாவுக்கு வந்துடுவா. பாவம்னு நெனைக்காத, எங்க பிளாக்குல பாதிப் பேரு அப்படித்தான். வெயில் காலத்துல நான்கூட வராந்தாதான். அவ மழையிலயும் வராந்தா, அவ்வளவுதான் வித்தியாசம்.

பொழுது போக எங்களுக்கு வேற என்ன இருந்துச்சு சொல்லு. பீச்சுக்குப் போனா பஜ்ஜி வாசனை மூக்கைத் துளைக்கும், வாங்கக் காசில்லாம அங்க உக்காந்திருக்கறது பெரிய தண்டனை. கல்யாணம் காட்சின்னு போனா மொய் வெக்கணும். சினிமாவை விட்டுத் தள்ளு. கோயிலுக்குப் போனா எங்க பிளாக்குப் பொம்பளைங்க அங்கயும் வந்து மருமக கதையே பேசுவாளுங்க. எங்களுக்குன்னு கெடைச்சது இந்த வேன்தான். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு, கவரிங் செயினைப் போட்டுக்கிட்டு, ரெண்டு பேரும் சிக்னல்ல வந்து நின்னா வேன்காரன் கதவைத் திறந்து 'வாங்க மேடம்'பான். மேடம்! அதுக்கு முன்னாடி எங்களை யாரு அப்படிக் கூப்பிட்டா?

வெறுமன போனா கண்டுபிடிச்சுடுவாங்கன்னு நான்தான் வேஷம் கட்டலாம்னு சொன்னேன். ஒரு வாரம் அக்கா தங்கச்சி. ஒரு வாரம் ஓரகத்திங்க. கம்பெனிக்கு ஒரு பொய்ப் பேரு. மதுராந்தகம் பக்கம் ஒரு வாட்டி சம்பந்திங்களா போனோம். பொண்ணுக்குச் சீரா மனை வாங்கித் தர வந்த பொண்ணு வீட்டம்மா நான், மாப்பிள்ளையோட அம்மா அவ. குணா வாயே திறக்காத ஆளு. அன்னிக்கு என்ன பேச்சு பேசினா தெரியுமா! 'என் புள்ளைய சந்துக்குள்ள குடி வெக்கப் பாக்கறீங்களா சம்பந்தியம்மா, எனக்கு ரோட்டு மேல மனை வேணும்'னு இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நிக்கறா. கல்யாணமே நின்னுடப் போகுதுன்னு அந்த மேனேஜர் பயந்து போய், ரெண்டு பேருக்கும் இளநி வெட்டிக் குடுத்துச் சமாதானம் பண்ணார். திரும்பி வர்றப்ப வேன்ல தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிச்சோம் பாரு, எனக்கு வயித்து வலியே வந்துடுச்சு. அவ கண்ணுல பொலபொலன்னு தண்ணி. அப்படி ஒரு சிரிப்பு அதுக்கப்புறம் நான் சிரிக்கல.

எங்களுக்குள்ள ஒரே ஒரு சட்டம். பாக்கலாம், சாப்பிடலாம், பேரம் பேசலாம், வாங்கக் கூடாது. அவளும் சரின்னுதான் சொன்னா. சத்தியமா சரின்னு சொன்னா.

ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கணும் நான். மனையில நாலு மூலைக்கும் கல்லு நட்டிருப்பாங்க இல்ல, அதுக்குள்ள போறப்ப அவ செருப்பைக் கழட்டிட்டுத்தான் காலை வெப்பா. ஒரு குச்சியை எடுத்துக்குவா. இது அடுப்படி, இது வாசல், தண்ணி நிக்காம வாட்டம் இந்தப் பக்கம்னு கோடு கிழிப்பா. எல்லாத்தையும் கிழிச்சுட்டுக் கடைசியில ஒரு கட்டம் போட்டு, 'இது உனக்கு ரூபா'ம்பா. என் பேரு ரூபாவதி. எனக்கு எதுக்குடி ரூமுன்னு கேட்டா, 'நீ வேற எங்க போவே'ம்பா. நான் விடுவேனா? ஏ.சி. உண்டாடி, உள்ளயே பாத்ரூம் உண்டாடின்னு ஓட்டுவேன். அவ நெஜமாவே யோசிச்சு, 'பாத்ரூம் வெளியிலதான், ரெண்டு எட்டுத்தான்'னு பதில் சொல்லுவா. தமாஷே புரியாது அவளுக்கு. போற ஊர்ல எல்லாம் இதே கதை.

அப்புறம்தான் இந்த சைட்டுக்கு வந்தோம். இன்னிக்கு நீ பாத்தியே, இதே இடம். அப்ப ஒரு வீடு கிடையாது, வெறும் கருவேலங்காட்டை வெட்டிப் போட்டு வெச்சிருந்தாங்க. குணா அன்னிக்கு மேனேஜரை ஓரமா கூட்டிட்டுப் போய்த் தண்ணி எத்தனை அடியில இருக்குன்னு கேக்கறா. பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்கறா. நல்லா நடிக்கறாளே, தேறிட்டாளேன்னு நான் பாட்டுக்கு மோர் குடிச்சுக்கிட்டு நிக்கறேன். வேன்ல ஏறினதும் மேனேஜர் மைக்கைப் பிடிச்சு, 'குணசுந்தரி மேடம் புக் பண்ணிட்டாங்க, எல்லாரும் ஒரு கை தட்டுங்க'ங்கறார். உனக்கு இன்னிக்குத் தட்டினாங்களே, அந்த மாதிரி. நானும் தட்டினேன், சிரிச்சுக்கிட்டே. அப்புறம்தான் கவனிச்சேன், அவ நெஜப் பேரைக் குடுத்திருக்கா. கழுத்துல கிடந்த ஒரே ஒரு தங்கச் சங்கிலி, அதையும் காணோம். பால்வாடியில வேலையை விட்டப்ப குடுத்த காசு, சங்கிலி வித்த காசு, எல்லாத்தையும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இதுல போட்டிருக்கா.

'பக்கத்து மனை காலியாத்தான் இருக்கு ரூபா. கொஞ்சம் கொஞ்சமா கட்டலாமாம். நீயும் வாயேன், சேர்ந்து இருக்கலாம்'னு எங்கிட்ட கிசுகிசுக்கறா.

எனக்குப் பதறிப் போச்சு கண்ணு. இவளை ஏமாத்தறாங்களேன்னு பதறிப் போச்சு. எழுந்து நின்னுட்டேன். 'சார், இவ பால்வாடி ஆயா சார். ராத்திரி வராந்தாவுல படுக்கறவ. நாங்க சும்மா சாப்பாட்டுக்கு வர்றவங்க. இவகிட்டப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கீங்களே'ன்னு கத்திட்டேன். அவளைக் காப்பாத்தத்தான் சொன்னேன். வேன்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒரு பொம்பள சிரிச்சா. குணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. ஓட்டேரி வர்ற வரைக்கும் அந்த மொகத்தை நான் பாக்கல.

ஏமாத்தலன்னு பின்னாடி தெரிஞ்சுது. பட்டா கிட்டா எல்லாம் ஒழுங்காக் குடுத்துட்டாங்க. சரி, நல்லதுதானே. ஆனா நீ சொல்லு, யாரு மேல தப்பு? நாலு வருஷம் பக்கத்து சீட்ல உக்காந்து வந்தவ நான். சட்டத்தை மீறினது அவ. எங்கிட்ட மறைச்சது அவ. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டதும் அவதான்.

அவ தகரக் கொட்டகை போட்டுக் குடி போனப்ப வெத்தல பாக்குத் தட்டோட வந்து என் வாசல்ல நின்னா. பால் காய்ச்சறேன், வந்துடு ரூபான்னா. மனசுல இருந்த எரிச்சல்ல, 'வேன் அனுப்புவியா? டிபன் என்ன போடுவே?'ன்னு கேட்டேன். சும்மா எங்க பழைய தமாஷ்தான். அவ என்னைப் பாத்தா. 'பொங்கல், வடை. உனக்குப் பிடிக்குமே'ன்னா. நான் போகல. கால் வலின்னு சொல்லி அனுப்பினேன். மகனும் போகல, லீவு இல்லையாம். பால்வாடி டீச்சர் மட்டும் போயிருக்காங்க. பதினஞ்சு பேருக்குச் செஞ்சு வெச்சிருந்தா, சைட்டுக் காவல்காரர் குடும்பத்தைக் கூப்பிட்டுப் போட்டான்னு அந்த டீச்சர்தான் வந்து சொன்னாங்க. அதைக் கேட்டு எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா கொஞ்ச நாள் ஆகட்டும், தானா வந்து பேசுவான்னு இருந்துட்டேன்.

அவ வரல. பக்கத்துக் கதவுல இப்ப அவ மகன் டி.வி. மட்டும் கேக்கும்.

தனியா வேன் ஏறிப் பாத்தேன். வேற கம்பெனி, வேற ஊரு. என்ன வேஷம் கட்டறது? தனியா நின்னுக்கிட்டு யாரோட சண்டை போடறது? சாப்பாடு எறங்கல. அப்புறம் ஒருநாள் இதே சைட்டுக்கு நோட்டீஸ் வந்துச்சு. சரி, அவ எப்படி இருக்கான்னு தூரத்துலேருந்து பாத்துட்டு வந்துடலாம்னு ஏறினேன். பஸ்ல போகலாம்தான். ஆனா பஸ்ல போனா அவளைத் தேடிப் போன மாதிரி ஆயிடும் இல்ல? வேன்ல போனா நான் மனை பாக்கப் போறேன். அவ அங்க இருந்தா அதுக்கு நான் என்ன பண்றது?

பந்தியில உக்காந்து இலையில தண்ணி தெளிச்சுட்டு நிமிர்றேன், வாளியோட எதிர்ல நிக்கறா. சமையல் கான்ட்ராக்டர் ஞாயித்துக்கிழமை பரிமாறறதுக்கு அவளைச் சேத்துக்கிட்டிருக்கார். அவ ஒரு நிமிஷம் பாத்துட்டு, யாரோ கஸ்டமரைக் கேக்கற மாதிரி, 'சாம்பார் ஊத்தட்டுங்களாம்மா?'ன்னா. நானும், 'கொஞ்சமா ஊத்துங்க'ன்னேன். அவ்வளவுதான். ஆனா அப்பளம் வெக்கறவர்கிட்டேருந்து இன்னொரு அப்பளம் வாங்கி வந்து என் இலையில வெச்சுட்டுப் போனா.

அதுலேருந்து மாசத்துக்கு ஒரு வாட்டியாவது வந்துடுவேன். மேனேஜருங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, நானும் கண்ணாடி போட்டுக்கிட்டு, ஏறுற இடத்தை மாத்திக்கிட்டு, ஏதோ சமாளிச்சேன். ரெண்டு வருஷமா இப்படித்தான். அவ என்னைத் தெரியாத மாதிரி பரிமாறுவா, நான் அவளைத் தெரியாத மாதிரி சாப்பிடுவேன். கூட்டு எங்க நல்லா வெந்திருக்கோ அங்கேருந்து அள்ளி எனக்குப் போடுவா. ஒரு வாட்டி எனக்கு இருமல், ரசத்தை மட்டும் டம்ளர்ல சூடா கொண்டாந்து வெச்சா. பேச மாட்டா. நானும் பேச மாட்டேன். மொதல்ல அவதானே பேசணும்? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. என்னிக்காவது பேசிடுவா, அன்னிக்கு நான் நல்லா நாலு கேள்வி கேக்கணும்னு வெச்சிருந்தேன். கேட்டுட்டு அவ வீட்டுக்குப் போய் ராத்திரி தங்கிட்டு வரணும்னும் வெச்சிருந்தேன்.

இன்னிக்குக் காலையில வேன்ல மேனேஜர் மைக்குல என்ன சொன்னார், கேட்டே இல்ல? இந்த சைட்டுக்கு இதுதான் கடைசி ஞாயிறு, பாக்கி இருக்கறது ரெண்டு மூணு மனை, அடுத்த வாரத்துலேருந்து வேன் வேற பக்கம் போகுதுன்னார். அவளுக்கும் தெரிஞ்சிருக்கும். இன்னிக்கு அவ கண்டிப்பா பேசுவான்னு நெனைச்சேன்.

பேசினா, கண்ணு. அதைத்தான் நீ பாத்தே.

அவ வாளியோட என் இலைக்கு வர்ற நேரம் பாத்து இந்தப் புது மேனேஜர் என் பக்கத்துல வந்து நிக்கறார். 'மேடம், உங்களை இதுக்கு முன்னாடி இங்க பாத்த மாதிரி இருக்கே'ங்கறார், சிரிச்சுக்கிட்டே. சிரிப்பு வாயிலதான், கண்ணுல இல்ல. இலையில பாதி சாப்பிட்டிருக்கேன். எழுந்திரும்மான்னு சொல்லிட்டா? இத்தனை பேரு முன்னாடி, பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு? அப்பதான் குணா வாளியைக் கீழ வெச்சா. என் எதிர்ல குனிஞ்சா. 'ரூபா, சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வாடி. இன்னிக்கு என்கூட இருந்துட்டுப் போ'ன்னா. சத்தமாத்தான் சொன்னா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அவ வாயிலேருந்து என் பேரு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'யாரும்மா நீ? என்னை யாருன்னு நெனைச்சுக்கிட்டுப் பேசறே?'ன்னேன்.

வாய் தானா சொல்லிடுச்சு. பக்கத்துல மேனேஜர் நிக்கறார், நான் என்ன பண்ணுவேன்? நாலு வருஷம் எங்கூட நடிச்சவளுக்கு இது புரியாதா? ஆள் இருக்கறப்ப நான் அப்படித்தான் பேசுவேன்னு அவளுக்குத் தெரியும். கண்டிப்பா தெரியும். அதனாலதான் அவ அப்படியே நின்னா, நீ பாத்தியே, அவ்வளவு நேரம். அப்புறம் வாளியை எடுத்துக்கிட்டு மேனேஜரைப் பாத்து, 'மன்னிச்சுக்குங்க சார், எனக்குத் தெரிஞ்சவங்கன்னு நெனைச்சுட்டேன். இந்தம்மா வேற யாரோ'ன்னுட்டு அடுத்த இலைக்குப் போயிட்டா. மேனேஜரும் போயிட்டார். என்னைக் காட்டிக் குடுக்கல பாரு அவ. எப்படிச் சமாளிச்சா பாரு.

கை கழுவிட்டு வந்து அவ தனியா இருக்கறப்ப கண்ணைக் காட்டலாம்னு தேடினேன். பாத்திரம் கழுவற இடத்துல இல்ல. அதுக்குள்ள ஹாரன் அடிச்சுட்டான்.

என்ன சொன்னே? தகரக் கொட்டகைக்கு அடுத்ததா? நீங்க புக் பண்ணது அதுவா? இருக்காதும்மா. அது காலி மனை இல்ல. அதை யாரோ வாங்கி வேலி போட்டு, முருங்கை வெச்சு, ரொம்ப நாளா தண்ணி ஊத்திக்கிட்டிருந்தாங்களே. வர்றப்பல்லாம் நான் பாப்பேனே.

மெதுவா சொல்லு. இதை யாரு சொன்னது, மேனேஜரா? பரிமாறற அம்மா ஞாயித்துக்கிழமைக் கூலியைக் கையில வாங்காம அந்த மனைக்குக் கட்டிக்கிட்டு வந்தாங்களா? ஒருத்தர் ரெண்டு பேரு கேட்டும் விட மாட்டேன்னாங்களா? என் சிநேகிதிக்குன்னு சொன்னாங்களா?

ம்.

அப்புறம் எப்படி உங்களுக்குக் கெடைச்சுது? இன்னிக்கா? இன்னிக்கு மத்தியானமா? பந்தி முடிஞ்சதும் அவளே வந்து, எனக்கு வேணாம் சார், வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு சொன்னாளாமா?

பந்தி முடிஞ்சதுமா?

டிரைவர்! டிரைவர் தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா!

...இல்ல சார். ஒண்ணும் இல்ல சார். தலை சுத்தற மாதிரி இருந்துச்சு, இப்ப சரியாப் போச்சு. இல்ல சார், இறங்கல. நீங்க போகச் சொல்லுங்க.

பாத்தியா, இப்பக்கூட மேனேஜரைப் பாத்ததும் வாய் அப்படித்தான் பேசுது.

தண்ணி வேணாம் கண்ணு. அழல. ஆமா, அழறேன், இருந்துட்டுப் போகட்டும். நீ எதுக்கு மொகம் வாடறே? நீ நல்லபடியா வீடு கட்டு. அவ நல்ல பக்கத்து வீட்டுக்காரி. ஒரு கரண்டி சாம்பார் வெச்சாலும் உனக்கும் கொண்டாந்து குடுப்பா. உன் குழந்தையை அவகிட்ட விட்டுட்டு நீ எங்க வேணா போயிட்டு வரலாம், பால்வாடியில எத்தனை குழந்தையை வளர்த்தவ. மழை பெஞ்சா மட்டும் தகரம் ஒழுகுதான்னு ஒரு வார்த்தை போய்க் கேளு. அவளா சொல்ல மாட்டா.

செங்குன்றத்துல இறங்கினா திரும்பிப் போக பஸ் இருக்குங்கறே. இருக்கு, எனக்குத் தெரியாதா என்ன. இருட்டறதுக்குள்ள போயிடலாம். போய்க் கதவைத் தட்டலாம். உள்ளேருந்து யாருன்னு கேப்பா. ஊரு பாக்க, அவ மொகத்தைப் பாத்து, யாரும்மா நீன்னு கேட்டுட்டு வந்தவ நான். அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது, நீயே சொல்லு.